கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுல, பேராண்டி!

ஏல பேராண்டி, இங்கன வா. அந்தப் போனக் கீழ வையி. கொஞ்சம் சூடு ஆறட்டும். போனத்தான் சொல்லுதேன்.

நேத்து ராத்திரி மச்சுல அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே நீ பேசுனத நான் ஒட்டுக்கேக்கல. நான் பாட்டுக்குத் தார்சாவுல நார்க்கட்டில்ல கெடந்தேன். காது அது பாட்டுக்குத் தொறந்து கெடந்துச்சு. முக்கால் மணி நேரத்துல 'அட்ஜஸ்ட்'ங்கிற சொல்ல 11 தடவ சொன்ன. 31 வருசம் கண்டக்டரா இருந்தவனால எதையும் எண்ணாம இருக்க முடியாதுல. தலைய எண்ணுவான், சில்லறைய எண்ணுவான், கட்டிக்கப்போற பிள்ளட்ட பேரன் எத்தன தடவ அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுதான்னும் எண்ணுவான்.

'எங்கம்மா அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சிருவாங்க, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' அது ஒண்ணு. 'கோயம்புத்தூர் வேலைய விட்டுட்டு ஒரகடம் பக்கம் வந்திரு, சம்பளம் கொறஞ்சாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.' அது ரெண்டு. சமையலுக்கு ஒண்ணு, சாமி கும்பிடுததுக்கு ஒண்ணு, உன் கூட்டாளிமாரு ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவத் தட்டுததுக்கு ஒண்ணு. அந்தப் பிள்ள என்ன பதில் சொல்லுச்சோ, எனக்குக் கேக்கல. ஆனா ஏழாவது அட்ஜஸ்டுக்குப் பொறவு 'ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா'ன்னு நீ கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு.

நீ எஞ்சினீயரு, நான் எட்டாங்கிளாஸ். உனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர எனக்கு யோக்கியதை கெடையாது. ஆனா இந்த ஒரு சொல்லுல மட்டும் என்ட்ட பாடம் கேட்டுக்கோ. நான் படிச்ச காலேஜு திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல ஓடுன பஸ்ஸு. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர்னு ஊருக்கு ஊரு வகுப்பு நடக்கும். ஒரு பக்கம் ரெண்டு பேரு சீட்டு, இன்னொரு பக்கம் மூணு பேரு சீட்டு. அது பஸ்ஸக் கட்டுனவன் போட்ட கணக்கு. நம்ம கணக்குல மூணு பேரு சீட்டுல நாலு பேரு. நாலாவது ஆளுக்குப் பாதி ஒடம்பு சீட்டுல, பாதி காத்துல. கந்தசஷ்டிக்கும் வைகாசி விசாகத்துக்கும் அந்தக் கணக்கும் செல்லாது.

ஒரு தை மாசம், நல்ல பனங்கிழங்கு சீசன். ஒரு வெள்ளக்காரரு, நல்ல உசரம், மூணு பேரு சீட்டுல ஓரத்துல காலக் குறுக்கி உக்காந்திருக்காரு. ஆழ்வார்திருநகரியில ஒரு பாட்டி ஏறுதா. இடுப்புல அவிச்ச கிழங்குக் கட்டு. நான் இங்கிலீஷ எடுத்து விட்டேன். 'சார், ப்ளீஸ் அட்ஜஸ்ட்.' அவரு சிரிச்சுக்கிட்டே சட்டக் காலரச் சரி பண்ணினாரு. 'நோ சார், ப்ளீஸ் அட்ஜஸ்ட்'ங்கேன். தொப்பிய நேராக்கினாரு. நான் விடல, கையால இப்படித் தள்ளிக் காட்டுனேன். மூக்குக் கண்ணாடிய மேல ஏத்தி விட்டாரு. அதுக்கு மேல அவருட்ட திருத்த ஒண்ணும் இல்ல. 'அட்ஜஸ்ட் வாட்?'னு பாவமாக் கேட்டாரு.

பாட்டி இதையெல்லாம் பாத்துக்கிட்டே நின்னா. ஒரு வார்த்த பேசல. இடுப்பால பைய ஒரு இடி. மூணு பேரும் ஒரு சாண் உள்ள போயிட்டாங்க, பாட்டி உக்காந்துட்டா. குரும்பூர் வாரதுக்குள்ள அவரு கையில ஒரு கிழங்கு. நாரப் பிரிக்கத் தெரியாம அப்படியே மென்னுக்கிட்டிருந்தாரு. எறங்கும்போது என்னப் பாத்து, 'ஓ, அட்ஜஸ்ட்!'னு ஒரு இடுப்பாட்டு ஆட்டிக் காட்டிட்டுப் போனாரு.

எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவரு கேட்ட கேள்வி மட்டும் இன்னைக்கு வரைக்கும் என் பைக்குள்ள கெடக்கு. அட்ஜஸ்ட் வாட்? எதை?

அவன் ஊர்ல அந்தச் சொல்லுக்கு முன்னால ஒரு சாமான் வேணும்ல. கார் கண்ணாடி, இடுப்பு பெல்ட்டு, கடிகார முள்ளு, நாற்காலி உசரம். அதக் கொஞ்சம் திருகி, கொஞ்சம் நகத்தி, சரியான எடத்துல நிப்பாட்டுததுக்குப் பேருதான் அட்ஜஸ்ட். அடியோட மாத்துததுக்கு வேற சொல்லு வச்சிருக்கான், ஒடஞ்சதச் சேக்கதுக்கு வேற சொல்லு. வருசக் கடைசியில கணக்குப்பிள்ள விட்டுப்போன வரவையும் செலவையும் சேத்து எழுதினா அது அட்ஜஸ்ட்மெண்ட் என்ட்ரி. குடோன் எரிஞ்சுபோச்சுன்னா இன்சூரன்ஸ்ல நட்டத்துக்கு மதிப்புப் போட வாரவன் லாஸ் அட்ஜஸ்டர். எல்லாத்துலயும் ஒரு அளவு இருக்கு பாரு. எவ்வளவு கொறைஞ்சுது, எவ்வளவு கூட்டணும், எங்க நிப்பாட்டணும். மனுசனுக்கும் அந்தச் சொல்லப் போடுவான், இல்லன்னு சொல்லல. புது ஊருக்கு, குளிருக்கு, ராத்திரி வேலைக்குப் பழகிட்டேன்னு சொல்ல அதுதான் சொல்லு. அப்பவும் எதுக்குப் பழகுதோம்னு ஒண்ணு கூட இருக்கும். சும்மா மொட்டையா 'அட்ஜஸ்ட்'னு சொல்லிட்டு மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கது நம்ம கண்டுபிடிப்பு.

இப்ப நம்ம இலக்கணத்துக்கு வா. இங்கிலீஷ் வினைச்சொல்லு தனியா நம்ம வீட்டுக்குள்ள வந்து வேல செய்யாது. 'நான் அட்ஜஸ்டுதேன்'னு எவனாவது சொல்லுதானா? கூட ஒரு 'பண்ணு' தொணைக்கு வரணும். கட் பண்ணு, மிஸ் பண்ணு, லைக் பண்ணு. அந்தப் 'பண்ணு' வந்தபொறவு தமிழு தன் வேலையக் காட்டும். 'அட்ஜஸ்ட் பண்ணு'ன்னா ஏதோ ஒரு சாமான நகத்துன்னு அர்த்தம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னா நகர வேண்டிய சாமான் நீதான். 'கொள்'ளுங்கிற பழைய சொல்லு தேஞ்சு தேஞ்சு 'க்கோ'ன்னு ஒரு துண்டாயிருக்கு. அம்புட்டு பாரமும் அந்தத் துண்டு மேல உக்காந்திருக்கு. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு ஒருத்தன் சொன்னா, நாம ரெண்டு பேரும்னு தோணும். பொறுத்துப் பாத்தா அவன் 'லாம்' மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த உன்ட்ட குடுத்திருப்பான். 'அட்ஜஸ்ட் ஆயிரும்'னு சொன்னா எவனும் ஒண்ணும் செய்யப்போறதில்லன்னு அர்த்தம். நீ நேத்து 'க்கோ' எட்டு தடவ, 'லாம்' ரெண்டு தடவ, 'ஆயிரும்' ஒரு தடவ. 'நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதேன்'னு ஒரு தடவகூட இல்ல. வேணும்னா திரும்ப எண்ணிப் பாத்துக்கோ.

தமிழ்ல சொல்லு இல்லாமலா இத எடுத்துக்கிட்டோம்? தள்ளி உக்காரு, ஒதுங்கு, ஒத்துப்போ, தணிஞ்சு போ, அனுசரி, விட்டுக்குடு, பொறுத்துக்கோ, சரிக்கட்டு. ஒரு மரக்கா நெறைய கெடக்கு. ஆனா இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெல உண்டு. 'விட்டுக்குடு'ன்னு கேட்டா, குடுக்கவனுக்கு ஒண்ணு கொறையுதுன்னு கேக்கவனே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு அவன் 'அன்னைக்கு நான் விட்டுக்குடுத்தேன்லா'ன்னு கணக்குக் கேப்பான். 'பொறுத்துக்கோ'ன்னா ஏதோ வலிக்கிதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். 'அட்ஜஸ்ட்'டுல அந்த வில்லங்கம் ஒண்ணும் கெடையாது. அது டிக்கெட்டுக் கிழிக்காத பயணம்ல. ஏறினதுக்கும் சாட்சி இல்ல, எறங்கினதுக்கும் சாட்சி இல்ல.

என்ன அப்படிப் பாக்க? தாத்தா பெரிய யோக்கியன்னு சொல்ல வரல. என் காக்கிச் சட்டையும் இந்தச் சொல்லத் தின்னு வளந்ததுதான். 'ஒரு ரூவா சில்லற இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க'ன்னு எத்தன பேருட்ட சொல்லியிருப்பேன். கேட்டு நச்சரிக்கவனுக்கு டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கிய எழுதிக் குடுத்துட்டு, அவன் எறங்குத எடத்துல நான் முன்வாசல்ல போயி நின்னுக்கிடுவேன். அதே ஆளு ஒரு ரூவா கொறச்சு நீட்டி, 'அண்ணாச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க'ன்னான்னு வையி, 'இதென்ன உங்க மாமனார் வண்டியா'ன்னு விசில ஊதிருவேன். அப்ப அந்தச் சொல்லு ஒரு பக்கமாத்தான் ஓடும், ஒருவழிப் பாதை. பை யாரு தோள்ல தொங்குதோ அவன் சொல்லலாம்.

நம்ம ஊரு பழைய இங்கிலீஷ் வாத்தியாரு இருக்காரே, டீக்கடை பெஞ்சுல. அவருட்ட ஒருநா இத அவுத்து விட்டேன். மனுசன் டீய ஆத்திக்கிட்டே இந்தச் சொல்லோட பூர்வீகத்த எடுத்துச் சொன்னாரு. லத்தீன்ல 'யுக்ஸ்டா'ன்னு ஒரு சொல்லாம். பக்கத்துலன்னு அர்த்தம். பக்கத்துல கொண்டாந்து சேக்கதுங்கிற பொருள்ல அது பழைய பிரெஞ்சுக்குப் போயி, அங்கேருந்து 600 வருசத்துக்கு முந்தியே இங்கிலீஷ்க்கு வந்துருக்கு. நடுவுல ஒரு கூத்து. 'ஜஸ்ட்'னா நியாயம். இந்தச் சொல்லுக்குள்ளயும் அதே சத்தம் கேக்குதுலா? அதனால நியாயங்கிற சொல்லுலேருந்துதான் இது பொறந்திருக்கும்னு ஆளுக நெனச்சு, எழுத்தையும் அதுக்குத் தக்கன வளச்சு, சரியா நியாயமா ஆக்குததுங்கிற பொருளையும் கூட ஏத்தி விட்டுட்டாங்க. பெத்த அப்பன் 'பக்கம்', வளத்த அப்பன் 'நியாயம்'.

நான் வாத்தியாருட்ட சொன்னேன்: 'சார், சொல்லு நம்ம ஊருக்கு வந்துட்டு. பெத்த அப்பனும் கூடவே வந்து பஸ்ஸுல இடிச்சு உக்காந்துட்டான். வளத்த அப்பனத்தான் காணும். பஸ்ஸத் தவற விட்டுட்டானோ என்னவோ.' வாத்தியாரு டீய மூக்குல ஏத்திக்கிட்டாரு.

இன்னொண்ணும் சொன்னாரு. அதே 'பக்கத்துல'ங்கிற வேருலேருந்து இன்னொரு பிள்ளையும் பொறந்திருக்காம். 'ஜௌஸ்ட்'. அந்தக் காலத்துல ரெண்டு வீரனுங்க குதிர மேல ஏறி, நீள ஈட்டிய நீட்டிக்கிட்டு, எதிரெதிரா ஓடியாந்து குத்திக்கிடுவானுங்களே, அந்த ஆட்டம். யோசிச்சுப் பாருல. ரெண்டு உசுரு பக்கத்துல வந்தா ரெண்டே வழிதான்னு அந்தச் சொல்லுக்கே தெரிஞ்சிருக்கு. எடம் விட்டு உக்காரணும், இல்ல ஈட்டிய எடுக்கணும். ஒருத்தரே எடம் விட்டுக்கிட்டிருந்தா, என்னைக்காவது ஒருநா அவ குதிர ஏறுவா. அன்னைக்கு நீ 'ஏன் திடீர்னு இப்படி ஆயிட்ட'ன்னு முழிப்ப.

சிரிப்பக் கொஞ்சம் ஓரமா வையி, ஒரு சங்கதி இருக்கு. கேரளத்துல சினிமாவுல வேல பாக்குத பொம்பளைங்க படுத பாட்ட விசாரிக்க 2017-ல நீதியரசர் ஹேமா தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க. 2019 டிசம்பர்ல அறிக்கையக் குடுத்தாங்க. ஊருக்குக் காட்டுனது 2024 ஆகஸ்ட்ல. நாலரை வருசம் அந்த அறிக்கையே ஒரு அலமாரிக்குள்ள அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுக் கெடந்திருக்கு. அதுல எழுதியிருக்காங்க: அந்தத் தொழில்ல பொம்பளைங்களுக்கு நல்லாப் பழகுன ரெண்டு சொல்லு 'அட்ஜஸ்ட்மெண்ட்', 'காம்ப்ரமைஸ்'. வேல வேணும்னா ஒடம்பக் குடுன்னு கேக்கதுக்கு இடக்கரடக்கல். பேப்பர்ல அதப் படிச்ச அன்னைக்கு எனக்கு டீ எறங்கல. அசிங்கத்த அசிங்கமான சொல்லால கேட்டிருந்தா செருப்பால அடிக்கலாம். பஸ்ஸுல எடம் கேக்குத சொல்லால கேட்டா, அடிக்க ஓங்குத கையி அந்தரத்துல நிக்கும்லா? அந்தச் சொல்லுக்கு வெலச்சீட்டு இல்லன்னு சொன்னேனே, அதோட ஆபத்து அங்கனதான் இருக்கு.

வள்ளுவரு இந்த வெவகாரத்தத் தொடாம விட்டாராக்கும்னு நெனைக்காத. 22-வது அதிகாரத்துக்கு 'ஒப்புரவறிதல்'னு பேரு வச்சிருக்காரு. ஊரோட ஒத்துப்போற கொணம். ஆனா யாருக்குப் பாடம் நடத்துதாருன்னு பாரு. கையில உள்ளவனுக்கு. ஊருணியில தண்ணி கெடந்தா ஊரு குடிக்கும், அது மாதிரி இருன்னு உள்ளவனப் பாத்துத்தான் பேசுதாரு. சீட்டுல உக்காந்திருக்கவன்ட்ட 'கொஞ்சம் நகரும்யா'ங்காரு. நிக்கவன்ட்ட போயி 'இன்னும் ஒடுங்கி நில்லு'ன்னு சொல்லல. நாம பாரு, அத அப்படியே தலைகீழாக் கவுத்திட்டோம். வீட்ல எல்லாருக்கும் பொறவு திங்கவட்ட, கடைசியா வந்து சேந்தவட்ட, குரலு சின்னதா இருக்கவட்டதான் போயி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோம்.

அந்த 'ஒப்புரவு'ங்கிற சொல்லுக்கு மணப்பாட்டுக் கத்தோலிக்கருட்ட போயிக் கேட்டா இன்னொரு அர்த்தம் சொல்லுவாங்க. கோயில்ல சாமியாருட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்காங்கள்லா, அதுக்கு அவங்க ஒப்புரவு அருட்சாதனம்பாங்க. நல்ல பொருத்தந்தான். செஞ்ச தப்ப ஒத்துக்கிடாம எவன்கூட ஒத்துப்போறது? அதனால நானும் ஒண்ண உன்ட்ட ஒத்துக்கிடுதேன். சத்தம் போடாத, ஆச்சி அடுக்களையிலதான் இருக்கா.

1982-ல இலங்கையில ரூபவாஹினி ஆரம்பிச்சான். நமக்கு நம்ம ஊரு படம் தெரியாது, கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளது தெரியும். உசரமா ஒரு குழாய நட்டு, மேல ஆண்டெனாவக் கட்டி, கடலப் பாத்துத் திருப்பினா ஈசல் பறக்க மாதிரி புள்ளிக்கு நடுவுல ஆளு நடமாட்டம் தெரியும். நம்ம தெருவுல மொத டிவி நம்ம வீட்லதான். நடுவீட்ல அம்பது பேரு உக்காந்திருப்பாங்க. ஒருநா தமிழ்ப்படம் போட்டான். நல்ல கட்டத்துல படம் அலையுது. மேல நட்டு தேஞ்சு போயி, காத்துக்குக் குழாய் சுத்திக்கிடுது. நான்தான் ஆம்பள, மாப்பிள்ள மாதிரி நடுவுல உக்காந்திருக்கேன். உங்க ஆச்சியக் கூப்பிட்டு, 'மச்சுக்குப் போயி அதக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு'ன்னேன்.

போனா. மேல நின்னு 'தெரியுதா?'ங்கா. 'இல்ல, இன்னும் கொஞ்சம் தெக்க.' 'தெரியுதா?' 'ஐயோ போச்சு, பழைய எடத்துக்கே கொண்டா.' 'இப்ப?' 'அங்கனதான், அங்கனதான், அசைக்காத!' அம்பது பேரும் கை தட்டுனாங்க. பளிச்சுன்னு படம். அவ கைய எடுத்தா படம் போயிருது. 'அப்படியே நில்லு'ன்னேன். நின்னா. கடக் காத்து அடிக்கி, சேல பறக்கு, ரெண்டு கையாலயும் குழாயப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் படத்துக்குள்ள போயிட்டேன். கதாநாயகி அழுதா, நானும் அழுதேன். படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போனபொறவு, எறங்கி வந்து, உள்ளங்கையில துருவத் தொடச்சுக்கிட்டே உங்க ஆச்சி கேட்டா: 'படம் நல்லாருந்துச்சா?'

சண்டையாக் கேட்டிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். நெசமாவே தெரிஞ்சுக்கிடத்தான் கேட்டா. கதையச் சொல்லச் சொன்னா. நான் தூக்கம் வருதுன்னு படுத்துட்டேன்.

அந்த அர்த்தம் எந்த அகராதியில இருக்கும்ல? ஆண்டெனாவ அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னேன், அது இங்கிலீஷ்காரனுக்கும் ஒத்த சுத்தமான பிரயோகம். எப்ப குழாயோட சேத்து அவளையும் நட்டு வச்சேனோ, அப்ப 'பண்ணு' போயி 'பண்ணிக்கோ' வந்துட்டு. படத்தத் தெளிவா வச்சவ படத்தப் பாக்கல.

சரி, எந்திரி. உன் பைக்க நேத்து சாயந்தரம் வாசல்ல போட்டுப் பிரிச்சியே, அதச் சொல்லு. செயின் சளசளன்னு அடிக்கின்னு என்ன செஞ்ச? நேரா செயினப் பிடிச்சு இழுத்தியா? இல்ல. மொதல்ல பின் சக்கரத்து ஆக்ஸில் நட்ட லூஸ் பண்ணுன. அத எளக்காம எதையும் நகத்த முடியாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. பொறவு எடப்பக்க நட்ட ரெண்டு திருகு, எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி வலப்பக்க நட்ட ரெண்டு திருகு. குனிஞ்சு கோடு பாத்த. 'ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல இருக்கணும் தாத்தா, இல்லன்னா சக்கரம் கோணிக்கிட்டு ஓடும்'னு எனக்கே பாடம் சொன்ன. கடைசியா செயின ஒத்த விரலால மேலயும் கீழயும் தட்டிப் பாத்து ஒரு இஞ்சு ஆட்டம் விட்ட. 'ஏம்ல, நல்லா முறுக்கித்தான் வையேன்'னு நான் கிண்டினதுக்கு, 'முறுக்கி வச்சா அறுந்துரும் தாத்தா'ன்ன.

அம்புட்டுதாம்ல அந்தச் சொல்லு. அம்புட்டும் உன் கையில இருக்கு, வாயிலதான் இல்ல. மொதல்ல உன் நட்ட எளக்கு. ரெண்டு பக்கமும் திருகு. கோடு பாரு. கொஞ்சம் ஆட்டம் விடு. பைக்குக்கு நீ பாத்த நியாயத்த அந்தப் பிள்ளைக்கும் பாக்கக் கூடாதா? அவ கோயம்புத்தூர எளக்கணும்னா, நீ ஒரகடத்துல எதை எளக்குத? அவ அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்னா, நீ எத்தன மணிக்கு எந்திரிக்க? நேத்து வரைக்கும் ஒம்பது மணிக்கு உன் ஆத்தா தண்ணி தெளிச்சு எழுப்புனா, அது ஊருக்கே தெரியும்.

கண்டக்டரு தொழில்ல ஒரு சூட்சுமம் உண்டு, காசில்லாமச் சொல்லுதேன். கூட்டத்துல எடம் உண்டாக்கணும்னா நிக்கவன்ட்ட கத்தக் கூடாது. அவன்ட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. காலப் பரப்பிக்கிட்டு சன்னலோரம் உக்காந்து, தூங்குத மாதிரி கண்ண மூடியிருப்பான் பாரு, அவனத் தட்டி எழுப்பணும். கல்யாணத்துக்கு முந்தி கண்ணாடியில போயிப் பாரு, அவன் மொகம் தெரியும்.

இந்தா, ஆச்சி கூப்பிடுதா. என்னட்டி? படம் தெரியலையா? மயிலு வந்து டிஷ்ஷுல உக்காந்து திருப்பிட்டுப் போயிட்டாக்கும். முருகன் வாகனம், அதுட்ட யாரு அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுதது? பேரன அனுப்புதேன்... என்னது? நான்தான் வரணுமா?

பாத்தியால? நாப்பது வருசத்துப் பாக்கி. டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிப் பத்திரமா முடிஞ்சு வச்சிருக்கா. நான் முன்வாசல்ல போயி நிக்க வழியில்ல.

போறேன். 'தெரியுதா'ன்னு மேலேருந்து நான் கேப்பேன். 'அப்படியே நில்லுங்க'ம்பா. நாடகம் முடியுத வரைக்கும் நிப்பேன். எறங்கி வந்து கதையும் கேப்பேன். நீ பொறவு கோயம்புத்தூருக்குப் போனப் போடு. உன் பக்கத்து நட்டு எதுன்னு யோசிச்சு வச்சுக்கிட்டுப் போடு. இப்ப வா, வந்து ஏணியப் பிடி. ரெண்டு காலும் சமமா ஊனியிருக்கான்னு பாத்துப் பிடில.